உன் கூரையில் பெய்த மழை

நேற்று செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மொத்த மருந்துக் கடையில் பில்லுக்காக நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினார். மேஜைக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தகரத்தை நகத்தால் கீறுவது போல, நின்று நின்று, வரிவரியாக. ஊரெல்லாம் தூக்கிப் போட்டுவிட்ட டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் ஒன்று அங்கே இன்னும் உயிரோடு இருந்தது. கூடவே மை ரிப்பனின் அந்த எண்ணெய் வாசனை. கடைக்காரர் காகிதத்தைக் கிழித்து நீட்டியதை நான் கவனிக்கவே இல்லை. "ஆன்ட்டி, லீஜியே" என்று இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் கை நீட்டினேன். அதுவரை நான் பல்லார்ட் எஸ்டேட்டில் நம் பழைய ஆபீஸில், செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்று ஒரு விதி இருந்தது, நினைவிருக்கிறதா? தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடுமாம். கப்பல் ஏஜென்சி ஆபீஸ் அது. எண்பதுகளின் நடுவில் புதிதாக இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. டைப்பிங் வேகமாக அடிப்பவர்கள் என்பதற்காக டெலெக்ஸ் பிரிவிலிருந்து உன்னையும், பில் பிரிவிலிருந்து என்னையும் எடுத்து, சில வாரம் பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழி படிக்க அனுப்பி, அந்தக் குளிர் அறைக்குள் விட்டார்கள். நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குவேன். நீ துப்பட்டாவைத் தலையைச் சுற்றி இறுக்கிக்கொள்வாய். முதல் சில நாட்கள் நாம் இருவரும் இங்கிலீஷிலும் இந்தியிலும்தான் பேசிக்கொண்டோம். நீ தமிழ் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் திரையில் பதினோராவது தரமோ என்னவோ பிழை என்று வந்தபோது, நீ அந்த மெஷினைப் பார்த்து, "சவத்து மூதி, என்னதான் வேணுமாம் ஒனக்கு?" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

உன் குடும்பம் கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை. வாப்பா காலமான பிறகு உன் அண்ணன் அதை நடத்திக்கொண்டிருந்தார். நான் செம்பூர் காலனியில் மூன்றாவது மாடி. அப்பா தஞ்சாவூரிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். ஒரே ஊரில், ஒரு பஸ் தூரத்தில் வளர்ந்த நமக்குப் பொதுவாக இருந்தது அந்தக் குளிர் அறை ஒன்றுதான்.

நீதான் ஆரம்பித்தாய். "நம்ம ஆபீஸ்ல யாரு வீடு தூரமோ அவங்கதான் சீக்கிரம் வாராங்க, கவனிச்சியாளா?" என்று கேட்டாய். எனக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றியதில்லை. நீ விடவில்லை. ஒரு மாதம் வாசலில் கையெழுத்துப் போடும் நேரத்தைப் பார்த்து வைத்தாய். சாப்பாட்டு நேரத்தில் நான் ப்ரோகிராம் எழுதினேன். ஆளுக்கு ஒரு வரி, தாமதமான ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு நட்சத்திரக் குறி. பிரின்டர் வரைந்து கொடுத்ததைக் கதவில் ஒட்டினாய். எங்கோ தூரத்துக் கல்யாணிலிருந்து வருகிறவர் முதலில். நடந்து வருகிற தூரத்தில் வீடு வைத்திருந்த நம் மேலதிகாரி கடைசியில். கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எல்லோரும் அவரைக் கேப்டன் சாப் என்றுதான் அழைப்பார்கள். வந்து நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் பெயருக்கு எதிரே இருந்த நட்சத்திரக் கூட்டத்தைப் பார்த்தார். எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் அவர்தான் கடைசி. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மெஷினை நாம் நமக்காக ஓட்டிக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது.

பிறகு நமக்குப் பைத்தியம்தான். செம்பூரிலிருந்து ஏறினால் எந்தப் பெட்டியில் உட்கார இடம் கிடைக்கும், மாட்டுங்கா மார்க்கெட்டில் எந்தக் கிழமை கறிவேப்பிலை கொசுறாக நிறையப் போடுவார்கள், நம்மோடு வேலை பார்க்கிற தமிழர்களில் யார் வீட்டில் எத்தனை மொழி பேசுகிறார்கள் என்று என்னென்னவோ. பலதற்கு விடையே வராது. அதிலும் உனக்குச் சந்தோஷம்தான். எனக்குக் கம்ப்யூட்டர் சம்பளம் தருகிற சாமான். உனக்கு அது கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஓர் ஆள்.

அந்த வருஷம் மழை தொடங்கிய பிறகு ஒருநாள் நீ சாப்பாட்டு நேரத்துக்குத்தான் ஆபீஸ் வந்தாய். சல்வாரில் முழங்கால் வரை சேற்றுக் கறை. வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம். அடுப்பு முங்கி, அரிசி நனைந்து, பட்டறையில் தைத்து வைத்த பைகளில் பாதி ஊறிப்போய். அடுத்த வாரம் அதைவிடப் பெரிய மழை. நான் கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன். நீ எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாய், யோசனையில்.

"ஒரே மழைதான். போன வாரம் அடுப்பு முங்குச்சு. நேத்து வாசப்படிகூட நனையல. ஏன்ளா?"

மூன்றாவது மாடிக்காரிக்கு என்ன தெரியும்? எங்களுக்கு மழை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு பார்க்கிற ஒன்று.

விடை கேப்டன் சாப் மேஜையிலேயே கிடந்தது. கப்பல் எப்போது உள்ளே வரலாம் என்று பார்ப்பதற்காக, வருஷம் முழுவதும் கடல் எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு உயரம் ஏறும் என்று அச்சடித்த புத்தகம். நாம் தினமும் அதிலிருந்து நேரங்களை எடுத்து டைப் அடித்துக்கொண்டிருந்தோம். அது உன் வீட்டு வாசலைப் பற்றிய புத்தகம் என்று நமக்குத் தோன்றவில்லை. நீ போய்க் கேட்டதும் அவர் எளிதாகச் சொல்லிவிட்டார்: கடல் ஏறி நிற்கும் நேரத்தில் மாஹிம் கழிமுகத்தில் இடமில்லை, அப்போது பெய்கிற மழை போக வழியில்லாமல் உங்கள் தெருவில்தான் நிற்கும். பிறகு சிரித்துக்கொண்டே, "சமுந்தர் கோ பீ பிரின்ட் கரோகி க்யா?", கடலையும் பிரின்ட் எடுத்துவிடுவாயா என்று கேட்டார். "ஹாங் சாப்" என்றாய் நீ, சிரிக்காமல்.

எவ்வளவு மழை, எவ்வளவு கடல் என்பதுதான் கேள்வி. அதற்குப் பழைய நாட்கள் வேண்டும். நீ உன் சந்திலிருந்த பெண்களிடம் கேட்டுக்கொண்டு வந்தாய். யாருக்கும் தேதி தெரியாது. ஆனால் எல்லோருக்கும் நாள் தெரியும். மூத்தவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, நோன்பு திறக்கப் போகிற நேரத்தில், பக்கத்து வீட்டு டிவி ஷாக் அடித்த மறுநாள் என்று சொன்னார்கள். அதையெல்லாம் தேதியாக்க நமக்குச் சில வாரம் பிடித்தது. மழைக் கணக்கைப் பழைய செய்தித்தாள்களிலிருந்து எடுத்தேன்.

தண்ணீர் எங்கெங்கே எவ்வளவு வருகிறது என்று வரைபடமும் வேண்டும் என்றாய். அப்போதுதான் நான் முதல்முறையாக உன் வீட்டுக்கு வந்தேன். அம்மா தயங்கியே அனுப்பினாள். உன் உம்மா இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்து, நான் போதும் என்று சொன்ன பிறகும் இரண்டு வைத்தார். சாப்பிட்ட கையோடு பட்டறையில் அளவெடுக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் போன மழையின் கறை ஒரு கோடாக இருந்தது. நீ டேப்பைப் பிடித்தாய், நான் குறித்துக்கொண்டேன். பிரின்டர் அதை எண்களால் ஒரு தெருவாக வரைந்து தந்தது. அதைப் பார்த்துத்தான் தெரிந்தது, தண்ணீர் எல்லோரும் நினைத்ததுபோல் கழிமுகப் பக்கமிருந்து உள்ளே வரவில்லை. எதிர்ப் பக்கம், ரோட்டுச் சாக்கடை வழியாக எதிர்த்து ஏறி வந்துகொண்டிருந்தது. வருஷா வருஷம் மண் மூட்டை அடுக்கியது தப்பான முனையில்.

மழையை ஒரு பக்கமும் கடலை ஒரு பக்கமும் வைத்து வரைந்த படம் இன்னும் அழகு. தண்ணீர் வராத நாட்கள் புள்ளிகள். வந்த நாட்கள் நட்சத்திரங்கள். நட்சத்திரங்கள் எல்லாம், மழையும் கடலும் சேர்ந்து உயர்கிற மேல் மூலையில், எறும்பு மொய்த்த மாதிரி கூடியிருந்தன. ஒன்றிரண்டு மட்டும் வழி தவறி நின்றன. அவற்றை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் மிக உயரமாக ஏறும் நாள். அன்றைக்குக் காலைப் பேப்பரில் பெய்த மழைக் கணக்கும் அதிகம் என்று போட்டிருந்தது. மத்தியானம் தண்ணீர் வரும் என்று நீ தெரு முழுக்கச் சொன்னாய். எல்லோரும் சாமான்களைப் பரணில் ஏற்றினார்கள். உன் அண்ணன் பட்டறையை நிறுத்தி, தோல் கட்டுகளை மேலே ஏற்றி, ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார். மத்தியானம் வெயில் அடித்தது. சாயங்காலம் பையன்கள் சந்தில் கிரிக்கெட் விளையாடினார்கள். 'கம்ப்யூட்டர் மழை' என்று உனக்குப் பெயர் வைத்தார்கள்.

நானாக இருந்தால் ஒரு வாரம் வெளியே தலை காட்டியிருக்க மாட்டேன். நீ அன்றைக்கே வீடு வீடாகப் போனாயாம். பிறகு உன் உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒன்றையே சொன்னாயாம்: "நான் சொன்னது தப்பாப் போச்சு. எங்க தப்புன்னு இன்னும் தெரியல. கண்டுபிடிச்சிட்டு வாரேன்."

அண்ணன் கோபமாக இருந்தார். வேலைக்குப் போனது போதும், கல்யாணத்தைப் பார்க்கலாம் என்று பேச்சு வந்துவிட்டது. மறுநாள் நீ ஆபீஸில் அந்தக் காகிதத்தை விரித்துப் போட்டு, ஒவ்வொரு நட்சத்திரமாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்:

"முந்தின ராத்திரி கூரையில அவ்வளவு சத்தம் இல்லையேன்னு எனக்கே தோணுச்சுளா. ஆனா பேப்பர்ல நம்பர் போட்டிருந்தானே. எங் காதை விட்டுட்டு அதை நம்பிட்டேன்."

பேப்பரை எடுத்துப் பார்த்தேன். மழைக் கணக்கில் இரண்டு வரி இருந்தது. கொலாபாவுக்கு ஒன்று, சாந்தாக்ரூஸுக்கு ஒன்று. ஆபீஸ் கொலாபா பக்கம் என்பதாலோ, அது முதலில் இருந்ததாலோ, நான் எல்லா நாளும் மேல் வரியையே எடுத்திருந்தேன். உன் தெருவுக்கு எங்கேயோ தெற்கே பெய்த மழை அது. கீழ் வரியை வைத்து மறுபடி ஓட்டியபோது, வழி தவறி நின்ற நட்சத்திரங்களில் பாதி மூலைக்குப் போய்ச் சேர்ந்தன. "மிச்சப் பாதி?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு நீயே சொன்னாய்: "சாந்தாக்ரூஸும் எங்க வீடு இல்லையே."

அப்படித்தான் உன் பட்டறைக் கூரையில் டின் ஏறியது. மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்க வேண்டும் என்பது நான் சொன்னது. சதுரமான பிஸ்கட் டின்னை உன் மைனி எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்தார். அண்ணன் மனைவி. முதல் பிரசவத்துக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. நீ ஆபீஸ் போய்விடுவாய். பகல் முழுவதும் வீட்டில் இருந்தவர் அவர்தான். பரண் ஜன்னல் வழியாக எட்டி டின்னை எடுத்து, உள்ளே ஒரு ஸ்கேலை நிறுத்தி, எவ்வளவு என்று பார்த்து, சுவரில் கரியால் எழுதிவிட்டுக் கொட்டுவார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், ஆனால் அந்தக் கோடுகளை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. 'ஏன் அந்த வயித்தோட எட்டுத?' என்று உம்மா திட்டுவாராம். மைனி, தனக்குப் பொழுது போகிறது என்பாராம்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. ஆபீஸ் விடுமுறை. புதிதாகப் பிரின்ட் எடுத்த படத்தை உன்னிடம் கொடுக்கலாம் என்று காலையில் செம்பூரிலிருந்து பஸ் ஏறினேன். கொட்டிக்கொண்டிருந்தது. சந்துக்குள் கணுக்கால் தண்ணீர். அது எப்போதும் இருப்பதுதான். நீ டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். விளிம்பு வரை நிறைந்திருந்தது. கடல் மத்தியானம் ஏறும். படத்தைப் பார்க்கவே தேவையில்லை. மூலைக்கும் அப்பால் இருந்தது அந்த நாள்.

மைனியை இப்போதே சயானில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கம் கூட்டிப் போய்விட வேண்டும் என்றாய். அங்கே உம்மாவின் சொந்தக்காரர் ஒருவர் வீடு மேட்டில் இருந்தது. அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கெட்டவர் இல்லை அவர். பயந்திருந்தார்.

"போன தடவ தெருவே சிரிச்சிச்சு. வலியும் வரல, ஒண்ணும் வரல. புள்ளத்தாச்சிய இந்த மழையில இழுத்துட்டுப் போயி, வழியில வழுக்கி விழுந்தா யாரு பொறுப்பு?"

அவர் கேட்டதும் நியாயம்தானே. அப்போது மைனி பரணிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். ஒரு துணிப்பையை முன்பே கட்டி வைத்திருந்தார்.

"டின்னுல தண்ணி பாத்தது நானு," என்றார். "இத்தன நாளா பாத்துட்டு இருக்கேன். இன்னைக்கு வரும். நான் போறேன்."

அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பட்டறையிலிருந்து பெரிய ரெக்சின் துணியை எடுத்து வந்து மைனியின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான். உம்மா முன்னால் காலால் குழி பார்த்துக்கொண்டே நடந்தார். மெயின் ரோடான தொண்ணூறு அடி ரோட்டை அடைவதற்குள் என் செருப்பு ஒன்று போய்விட்டது. டாக்ஸிக்காரர் முதலில் மறுத்து, மைனியைப் பார்த்ததும் கதவைத் திறந்தார்.

மத்தியானம் உன் தெருவில் இடுப்பு வரை தண்ணீர். ரோட்டுப் பக்கமிருந்துதான் வந்தது. சாயங்காலம் மைனிக்கு வலி எடுத்தது. குழந்தை திரும்பியிருந்ததாம், ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. டாக்டரம்மா உம்மாவிடம், நல்லவேளை, தாமதம் இல்லாமல் வந்தீர்கள் என்றார். உம்மா உன்னைப் பார்த்தார். நீ அழுதுகொண்டிருந்தாய். அதுவரை நீ அழுது நான் பார்த்ததில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு எல்லோருக்கும் முன்னால் உன் அண்ணனே போய் ரோட்டு முனையில் மண் மூட்டை அடுக்கினார். பட்டறைத் தரையை அடுத்த கோடையில் ஒன்றரை அடி உயர்த்தினார். உன் கல்யாணப் பேச்சு, நீயாக எடுக்கும் வரை அந்த வீட்டில் மறுபடி வரவில்லை. தெருக்காரர்கள் மழைக்காலத்தில் உன்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். 'கம்ப்யூட்டர் மழை' என்ற பெயர் மட்டும் போகவில்லை. ஆனால் அதைச் சொல்கிற குரல் மாறிவிட்டது.

பிறகு எவ்வளவோ நடந்தது. நீ கல்யாணமாகி மாஹிமுக்குப் போனாய். நான் அதே ஆபீஸில் மேலே மேலே போய், கண்ணாடி அறையில் உட்கார்ந்து, பெரிய பெரிய கம்பெனிகளுக்குப் படம் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் எண்கள் அழகாக மூலையில் கூடும்போது, இந்த எண் யார் வீட்டு மழை என்று கேட்டுக்கொள்வேன். அதனால் கூட்டம் நீளும், சிலருக்குப் பிடிக்காது. தவறு நேர்ந்தால் நேர்ந்தது என்று சொல்லிவிடுவேன். அதுவும் சிலருக்குப் பிடிக்காது. உன்னிடம் புலம்ப மாட்டுங்கா காபிக் கடைக்கு வருவேன். நீ காபியை ஆற்றிக்கொண்டே கேட்பாய், கடைசியில் வேறு ஏதாவது ஒரு புதுக் கேள்வியைத் தூக்கி மேஜையில் போடுவாய். எனக்குப் புலம்பியது மறந்துவிடும்.

போன வருஷம் நீ போய்விட்டாய். நோய் நீண்டதுதான், ஆனாலும் நான் தயாராக இல்லை. உன் நாற்பதாம் நாளுக்குத் தாராவிக்கு வந்திருந்தேன். சந்து இப்போது நான்கு மாடி. மைனி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்றைக்குப் பிறந்தவள் காட்கோபரில் இருக்கிறாள். தன் மகளோடு வந்திருந்தாள். உன் அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது. எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி," என்றார். "இந்த வருசம் பெரிய கடல் என்னென்னைக்கு வருது?"

எனக்குப் புரியவில்லை.

"ஒவ்வொரு வருசமும் மே மாசம் கடைசியில அவ எனக்குப் போன் போட்டுச் சொல்லுவா. கல்யாணமாகிப் போன பெறகும் நிப்பாட்டல. இப்ப எல்லாம் போன்லயே வருது, பாத்துக்கலாம்னு மக சொல்லுதா. ஆனா எனக்கு ஒரு மனுசி வாயால கேட்டுத்தான் பழக்கம்."

இதை நீ என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. முப்பது வருஷத்துக்கும் மேலாக, ஒரு மே மாதம்கூட விடாமல்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து நாட்களைத் தேடி எடுத்தேன். அவருக்குப் போன் செய்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொரு தேதியையும் அவர் திருப்பிச் சொன்னார். பக்கத்தில் யாரோ எழுதிக்கொள்வது கேட்டது. முடித்ததும், "அடுத்த வருசமும் நீங்கதான் சொல்லணும்" என்றார்.

"சொல்லுதேன்" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் கவனித்தேன். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நாங்கள் 'சொல்றேன்' என்கிறவர்கள்.